வேலியில் ஒரு பொட்டு

என் மகள் எங்களை முன்னோடிக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். போன மாதம் அவளுடைய அலுவலகத்து ஆட்கள் சாப்பிட வந்திருந்தபோது, மெல்பனின் தென்கிழக்கில் குடியேறிய முதல் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்று அறிமுகப்படுத்தினாள். வந்தவர்கள் என்னை அருங்காட்சியகத்துச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதில் ஒரு பெண், அந்தக் காலத்தில் என்னென்ன கஷ்டங்களைத் தாங்கினீர்கள் என்று கேட்டாள். புருஷனைத்தான் தாங்கினேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

முன்னோடிகள் என்றால் மாட்டு வண்டியில் வந்து, காட்டை வெட்டி, பாம்பை அடித்து, குடிசை போட்டவர்கள் என்று இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார்கள். அந்தக் காடு அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்று படிப்பிக்க அவர்களுக்கு வெகுகாலம் எடுத்தது. நாங்கள் விமானத்தில் வந்தோம். எதையும் வெட்டவில்லை. வீட்டுக்குள் வந்த பாம்பைக்கூட பக்கத்து வீட்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என் கணவர் அசல் முன்னோடி. காலடி வைத்ததும் அவருக்கு வந்த முதல் கவலை வேலியைப் பற்றியது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்பிரிங்வேலுக்கு அப்பால், மரக்கறித் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற இடத்தில் நாங்கள் வீடு வாங்கினோம். தெருவுக்குத் தார் போட்டிருக்கவில்லை. மழைக்காலத்தில் என் கணவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி காருக்குப் போவார். எதிர்ப்பக்கம் வெறும் புல்வெளி. அதில் யாருடையதென்று தெரியாத ஒரு குதிரை. தெருவில் இருந்த சில வீடுகளுக்கும் முன்பக்கம் வேலி கிடையாது. புல்தரை நேரே தெருவில் வந்து முடியும். அதைப் பார்த்து அவர் மனம் உடைந்துபோனார்.

"என்ன இது, கோவணம் கட்டாமல் நிக்கிற மாதிரி. ஆடு மாடு உள்ளுக்கு வராதோ?"

"இஞ்சை எங்கை ஆடு?"

"ஆடு இல்லாட்டி ஆக்கள் வருவினம்."

யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு வேலி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கதியால் தடிகளை வரிசையாக நட்டு, பின்னிய தென்னங்கிடுகாலோ பனையோலையாலோ அடைத்து, நிமிர்ந்து நிற்கிறவனின் தலைகூடத் தெரியாத உயரத்தில் கட்டுவார்கள். ஓலை உக்கிப்போகும், திரும்ப அடைக்க வேண்டும். அடைக்கும்போதெல்லாம் கதியால் ஒரு விரற்கடை அங்கால் போகும், அல்லது இங்கால் வரும். உடனே கோட்டுக் கச்சேரி, வழக்கு, அப்புக்காத்து என்று ஒரு வக்கீல். என் மாமனார் அப்படி ஒரு வேலி வழக்கோடு தன் ஆயுளை நடத்தினார். தீர்ப்பு வந்தபோது வாதியும் உயிரோடு இல்லை, எதிரியும் உயிரோடு இல்லை. வென்றது மாமாதான். கிடைத்தது ஒரு வேப்பமரத்தின் பாதி.

ஆனால் வேலியைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற ஆண்கள் யாரும் பொட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள். பொட்டு என்றால் அடைத்த வேலியின் கீழ்ப்பக்கம் ஓலையை விலக்கி, ஒரு ஆள் குனிந்து போகிற அளவில் விடுகிற ஓட்டை. அது பெண்களின் வழி. ஆண்கள் முன்பக்கம் படலையைத் திறந்துகொண்டு கோட்டுக்குப் போவார்கள். பெண்கள் பின்பக்கம் பொட்டால் நுழைந்து ஒரு சுண்டு அரிசி மாறிக்கொண்டு வருவார்கள். அந்த வழக்கு நடந்த காலம் முழுக்க என் மாமியார் எதிரியின் மனைவியோடு பொட்டடியில் நின்று கதைத்துக்கொண்டுதான் இருந்தாராம். யார் யாரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

எங்கள் மெல்பன் வீட்டுக்கு முன்பக்கம்தான் வேலி இல்லை. வலப்பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பழைய பலகை வேலி ஒன்று இருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் என் கணவர் மனதைத் தேற்றிக்கொண்டார். நான் அதன் அடியில், ஊரில் இருந்து கொண்டுவந்த காய்ந்த செத்தல் மிளகாயின் விதையைப் போட்டேன். சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிற இந்த ஊரில், நல்ல வெயில் விழுந்தது அந்த ஓரத்தில்தான். மிளகாய் வேர் பிடித்துக்கொண்டது. நான்தான் பிடிக்கவில்லை. அவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் பொழுதுபடத்தான் வருவார். அதுவரை என்னோடு கதைக்க வானொலி இருந்தது. அதுவும் பெரும்பாலும் குதிரைப் பந்தயத்தைப் பற்றித்தான் கதைத்தது. வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த வீடு வேண்டாம் என்றிருந்தது. திரும்பிப் போக வேண்டும் என்று தினமும் நினைத்தேன்.

ஒரு நாள் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வேலியில் இரண்டு பலகைகள் கதவு மாதிரி ஒருபக்கமாகச் சரிந்தன. அந்த இடைவெளியில் ஒரு தலை வந்தது. தலை நிறைய முடி சுருட்டுகிற இளஞ்சிவப்புக் குழல்கள், வாயில் சிகரெட்.

"பிள்ளை, மழை வரப்போகுது. உம்மட உடுப்பெல்லாம் கொடியிலை நனையப்போகுது, ஓடிப்போய் எடும்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டார் பேசியதெல்லாம் என் ஞாபகத்தில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அது அவர்களாக இருக்காது.

தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். ஐம்பது வயதுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட என் வாய் வரவில்லை. அன்ரி என்றேன். அவருடைய கணவர் தானாகவே அங்கிள் ஆனார். அங்கிள் ரயில்வேயில் வேலை. உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு நாடா தொங்கும். அந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியவர்கள் அவர்கள்தான். பிள்ளைகள் வளர்ந்து தூரப் போய்விட்டார்கள். ஆக அன்ரிக்கும் பகலில் வானொலிதான் துணை.

ஆணி கழன்ற அந்த இரண்டு பலகைகளும் எங்கள் பொட்டு ஆயின. நான் அவருடைய குசினி அடுப்படியில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பேன். அவர் என் குசினியில் இருந்து வடை சாப்பிடுவார். என் ஆங்கிலம் முடிகிற இடத்தில் தமிழில் தொடருவேன். அவர் அதற்கும் தலையாட்டுவார், சரியான இடத்தில். புறப்படும்போது 'போறன்' என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம் வர 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் கற்ற தமிழ் அவ்வளவுதான். பொட்டுக்குள் காலை வைக்கும்போதெல்லாம் ஒழுங்காகச் சொல்வார். அங்கிள் ஒரு நாள் என் மிளகாய் ஒன்றை ஏதோ சின்னத் தக்காளி மாதிரி வாயில் போட்டு முழுதாக மென்றார். மெதுவாக நடந்துபோய்த் தோட்டக் குழாயைத் திறந்து வெகுநேரம் தண்ணீர் குடித்தார். அதன்பிறகு என் மேல் அவருக்குப் பெரிய மரியாதை.

பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன். மாதம் ஏற ஏறப் பொட்டால் நுழைவது பெரும்பாடாகிவிட்டது. ஒரு நாள் நடுவில் மாட்டிக்கொண்டு அங்காலும் போகாமல் இங்காலும் வராமல் நின்றேன். அன்ரி சிரிக்கவில்லை. வாயில் சிகரெட்டோடு போய் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து மூன்றாவது பலகையையும் கழற்றிவிட்டார். பலகையோடு அது பிடித்திருந்த குறுக்குச் சட்டமும் விட்டுப்போயிற்று. அடுத்த காற்றுக்கு வேலி சாயத் தொடங்கியது.

அங்கிள் வந்து பார்த்து, இனி இது நிற்காது, புது வேலி போடுவோம் என்றார். என் கணவர் சரி என்றார். மறுநாள் வேலையால் திரும்பி வந்த என் கணவர், அங்கிள் நிலத்தில் இரண்டு முளை அடித்து நூல் கட்டியிருப்பதைக் கண்டார். நூல் வேலியில் இருந்து சற்று விலகி எங்கள் பக்கம் ஓடியது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அது அவருடைய முகமாகவே இல்லை. கலியாண வீட்டுப் படத்தில் இருக்கிற மாமாவின் முகம்.

"இஞ்சேரும், மனுசன் நூலை இஞ்சாலை தள்ளிக் கட்டியிருக்கிறான் பார்த்தீரோ?"

"சும்மா ஒரு வசதிக்குக் கட்டியிருப்பார்."

"வசதிக்குத்தான். அவனுக்கு வசதிக்கு."

வேலி எங்கே வந்தாலும் எனக்கு ஒன்றுதான், ஒரு பொட்டு மட்டும் விடச் சொல்லுங்கோ என்றேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறவள் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. புது வேலியில் ஓட்டை வைக்கிறதோ, கேள்விப்பட்ட ஆக்கள் சிரிப்பினம் என்றார். எங்களைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் குதிரையைத் தவிர ஒருவரும் இல்லை.

காணிப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு அளந்து பார்க்க வேண்டும் என்றார். அளக்க நாடா வேண்டும். எங்களிடம் இருந்தது என் தையல் நாடா. அந்தத் தெருவில் நீளமான நாடா இருந்தது ஒரே ஒருவரிடம். சனிக்கிழமை காலையில் மடிப்புக் கலையாத களிசான் போட்டுக்கொண்டு அங்கிளின் வீட்டுக் கதவைத் தட்டி, யன்னல் சீலைக்கு அளவெடுக்க வேண்டும், நாடாவைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டார். அங்கிள் இடுப்பில் இருந்து கழற்றிக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் என் கணவர் தெருவோரத்தில் காணி பிரித்தவர்கள் எல்லைக்கு அடித்திருந்த இரும்பு முளையடியில் முழங்காலில் நின்றார். ஒற்றை ஆளாக நாடாவைப் பிடிக்க முடியாமல் நுனியில் ஒரு கல்லை வைத்தார். கல் புரண்டது. பெரிய கல்லை வைத்தார். நாடா சுருண்டுகொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. அங்கிள் வந்து நின்று பார்த்தார்.

"உங்கட யன்னல் நல்ல நீளம்" என்றார்.

பிறகு குனிந்து நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்.

எதிராளியை வைத்தே எல்லையை அளந்த யாழ்ப்பாணத்தான் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒருமுறை அளந்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப அளந்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தோள் இரண்டும் மெல்ல இறங்கின. பழைய வேலி நின்றது எல்லையில் இல்லை. அங்கிளின் காணிக்குள் ஓரடி தள்ளி நின்றது. அந்த ஓரடி முழுக்க இவ்வளவு காலமும் எங்கள் பக்கம் கிடந்தது. என் மிளகாய்ப் பாத்தி முழுவதும் அவருடைய நிலம். அங்கிள் கட்டியிருந்த நூல்கூட வேலைக்கு இடம் விட்டுக் கட்டியதுதான்.

"வேலி போட்ட வருசமே எனக்குத் தெரியும்" என்றார் அங்கிள். "உங்களுக்கு முதல் இருந்தவன் குடிச்சுப்போட்டு நட்டவன். நல்ல மனுசன். விட்டிட்டன். புது வேலியையும் அதே இடத்திலை போடுவம்."

அன்று மத்தியானம் என் கணவர் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"ஓரடி. சும்மா தாறானாம்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? அப்பா பாதி வேப்பமரத்துக்காகச் சாகுமட்டும் கோட்டுக்கு நடந்தவர். நான் ஒரு வெள்ளைக்காரனிட்டை ஓரடியைப் பிச்சையா வாங்கிறதோ?"

உடனே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். சரியான எல்லையில்தான் வேலி போட வேண்டும், உங்கள் நிலம் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னார். அங்கிள் முடியாது என்றார். மிளகாய் இருக்கிற இடத்தில் கதியால் நட்டால் தன் மனைவி தன்னை வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். மிளகாயைப் பிடுங்கி நடலாம் என்றார் இவர். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை என்றார் அவர். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவருக்கொருவர் நன்றிகூடச் சொல்லிக்கொண்டார்கள். அத்தோடு பேச்சு நின்றுபோயிற்று.

யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வேலிச் சண்டை பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டாம், நீ எடு என்று நடந்த சண்டை அது ஒன்றுதான்.

அந்தக் கிழமையே அடித்த புயற்காற்றில் பழைய வேலி முழுவதும் விழுந்தது. அங்கிள் அதை அள்ளி எரித்துவிட்டு, புதுப் பலகைகளை வாங்கிக் கொண்டுவந்து தன் கராஜ் ஓரமாக அடுக்கித் தார்ப்பாயால் மூடினார். நடவில்லை. எங்கே நடுவது என்று முடிவாகவில்லையே. ஒருவர் புல்லு வெட்ட வெளியே வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். அந்த ஓரடிப் புல்லை இரண்டு பேரும் தொடவில்லை; அது அடுத்தவருடையது. மிளகாய்ப் பாத்திக்கு அங்கால் இருந்து தெரு வரைக்கும் நீளமாக ஒரு கீற்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஏதும் விசேஷமான பயிரா என்று என்னிடம் கேட்டார்.

எனக்கும் அன்ரிக்கும் வாழ்க்கையில் அப்படி ஒரு யோகம் அடித்ததில்லை. ஒரு பொட்டுக் கேட்ட எனக்கு வேலி முழுவதுமே பொட்டாகக் கிடைத்தது. நிறைமாத வயிற்றோடு நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு நடந்து போனேன். இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து சரியாக அந்த ஓரடியில் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம்.

மகள் பிறந்த நாட்களில் அன்ரி இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டியது அவர். நான் காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்த பகல்களில் பேசாமல் பக்கத்தில் இருந்து பட்டாணி உரித்தவர் அவர். மிளகு போட்டு ஆட்டெலும்பு ரசம் வைக்கப் பழகிக்கொண்டு, கையில் சட்டியோடு புல்லுக்குள்ளால் வருவார். அம்மா பக்கத்தில் இல்லையே என்ற நினைப்பு அந்தச் சட்டியைக் கண்டதும் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே அந்தச் சண்டை தீர்ந்துவிடக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் கவனமாக இருந்தோம். என் கணவர் இளகுகிற மாதிரித் தெரிந்தால், "மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ" என்று ஒரு பெருமூச்சு விடுவேன். உடனே விறைத்துக்கொள்வார். அங்கால் அன்ரி, "கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போறீரோ? நல்லது, வாங்கும்" என்பாராம். அங்கிள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வாராம். மறுநாள் கதிரையில் இருந்து யார் யாருக்கு என்ன சொன்னோம் என்று ஒப்பிட்டுக்கொள்வோம். கோட்டுக்குப் போகிற ஆண்களைப் பொட்டடியில் இருந்து நடத்துகிற வித்தை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் தவழத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அவளுக்கு எல்லை கிடையாது. எங்கள் பின்கதவால் புறப்பட்டால் அங்கிளின் கராஜ் வரைக்கும் போவாள். ஒரு நாள் காலையில் அங்கிள் வேலைக்குப் போகக் காரை எடுக்க வந்தவர், ஏனோ குனிந்து பார்த்திருக்கிறார். பின்சில்லுக்குப் பின்னால் அவள் இருந்து மண்ணாங்கட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவடிக்கு வந்தார்.  என் கணவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு திரும்பிப் போனார். என் கணவர் அவளுடைய வாயில் இருந்த மண்ணை விரலால் வழித்து எடுத்தார்.  இனிமேல் இருவரில் யாரையும் ரோஷம் ஏற்றிவிட எனக்கு வாய் வராது என்று தெரிந்துகொண்டேன். வேலி வரத்தான் போகிறது, என் வழி போகத்தான் போகிறது என்று நினைத்து அன்று முழுவதும் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் அன்ரியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்பிரிங்வேல் கடைகளுக்குப் போயிருந்தோம். நாங்கள் இல்லாத நேரத்தில் என் கணவர் ரோஷத்தை விழுங்கிவிட்டு, சரி, தந்த ஓரடியை வாங்கிக்கொள்வோம் என்று முடிவுசெய்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருப்பக்கத்தில் இருந்து, பழைய வேலி நின்ற கோட்டில் குழி தோண்டத் தொடங்கினார். அதே காலையில் அங்கிளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்த மனுசன் சொன்னபடியே என் நிலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று, காணியின் பின்மூலையில் இருந்து, சரியான எல்லைக் கோட்டில் தோண்டத் தொடங்கினார். இருவரும் தோண்டத் தோண்டப் பின்னோக்கி நகர்ந்ததால் ஒருவரை ஒருவர் காணவில்லை. சத்தம் கேட்டிருக்கும். கேட்டாலும் திரும்பிப் பார்ப்பார்களா? பேச்சு இல்லையே.

நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் என் மிளகாய்ப் பாத்தியடியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். தெருவில் இருந்து வந்த குழி வரிசை பாத்திக்கு அங்கால் முடிந்தது. பின்னால் இருந்து வந்த குழி வரிசை பாத்திக்கு இங்கால் முடிந்தது. நடுவில் ஓரடி.

"நீர் ஏன் அங்கை தோண்டினீர்?" என்று கேட்டார் அங்கிள்.

"நீங்கள் போடச் சொன்ன இடத்திலைதான் தோண்டினனான். நீங்கள் ஏன் இஞ்சை?"

"நீர் போடச் சொன்ன இடம்."

இருவரும் குழிகளைப் பார்த்தார்கள். அன்ரி கையில் இருந்த பைகளை நிலத்தில் வைத்துவிட்டுத் தானும் நிலத்தில் இருந்துவிட்டார். அவர் சிரிக்கத் தொடங்கினால் இருமல்தான் வரும். அது நிற்க நேரம் எடுக்கும். என் கணவர் சிரிக்கக்கூடாது என்று வெகுநேரம் பிடிவாதமாக நின்றார். கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அங்கிளின் தோள் குலுங்கியது.

சிரித்து முடிந்ததும் திரும்பவும் தொடங்கினார்கள். நான் என் குழிகளை மூடிவிடுகிறேன் என்றார் இவர். இல்லையில்லை, நான் என்னுடையதை மூடுகிறேன் என்றார் அவர். இவர் மண்வெட்டியைத் தூக்கினார். அவரும் தூக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் அதைக் கீழை வையுங்கோ" என்றேன். "பிள்ளை போறது தெருவுக்கு. காரும் அங்காலைதான். அந்த ரெண்டு பக்கத்தையும் அடைச்சால் போதாதோ? நடுவிலை என்னத்துக்கு வேலி? எங்களை ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கவோ?"

தமிழில்தான் சொன்னேன், கோபத்தில் ஆங்கிலம் வரவில்லை. அன்ரி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

தார்ப்பாயை நீக்கி, அந்தப் பலகைகளால் அங்கிளின் கார் நிற்கிற இடத்தைச் சுற்றி அடைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தெருவோரம் நீளமாக ஒரே வேலி போட்டார்கள். அந்தத் தெருவில் முன்வேலி போட்ட முதல் ஆள் என் கணவர்தான். அந்த வகையில் மகள் சொல்வது சரி. தோண்டிய குழிகளை மூடவில்லை. அங்கிள் தன் குழிகளில் தக்காளி நட்டார், நான் எங்களுடைய குழிகளில் கத்தரி நட்டேன். மகள் இரண்டு வீட்டுக் காணியையும் ஒரே காணி என்று நினைத்துத்தான் வளர்ந்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதற்கு அன்ரிதான் காரணம். அதைப் பற்றி அன்ரியிடம் புகார் சொன்னால், தமிழ் தனக்கும் தெரியும் என்பார், 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் அங்கிள் ஓய்வு பெற்றார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டை விற்றுவிட்டு வடக்கே, மூத்த மகன் இருக்கிற வெக்கையான ஊருக்குப் போனார்கள். அங்கிள் தன் அளவு நாடாவை என் கணவரிடம் கொடுத்தார். "யன்னலுக்கு உதவும்" என்றார். அன்ரி கத்தரிச் செடிகளுக்கு நடுவே நின்று என்னைக் கட்டிப்பிடித்தார். போட்டு வாறன் என்றார். அதுவரை அதை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அன்றுதான் எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டை வாங்கியவர்கள் வந்த கிழமையே நில அளவையாளரைக் கூட்டிவந்து அளந்து, ஆட்களை விட்டு ஒரே நாளில் வேலியை முடித்துவிட்டார்கள். சரியான எல்லையில், நேராக, உயரமாக. பிழை சொல்ல ஒன்றும் இல்லை. மிளகாய்ப் பாத்தி அந்தப் பக்கம் போயிற்று. என் கணவர் வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்ட வேலி அதுதான். குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  நான் அன்று சமைக்கவில்லை.

மறுநாள் காலையில் பின்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் புது வேலியடியில் முழங்காலில் நின்றார். பழைய பொட்டு இருந்த அதே இடம். சுத்தியலின் பின்பக்கத்தால் இரண்டு பலகைகளின் கீழ் ஆணிகளை நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு பலகைகளைக் கையால் தள்ளிப் பார்த்தார். கதவு மாதிரிச் சரிந்து கொடுத்தன.

"என்ன செய்யிறீங்கள்? அங்காலை இருக்கிற பொம்பிளை ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"அப்பவும் உமக்குத் தெரியாதுதானே" என்றார்.